இரண்டை எட்டாக மாற்றிய நாள்

புது சர்க்யூட் போர்டு ஒன்று மேசைக்கு வந்ததும் அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அறிமுகம் செய்து வைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. பிசிஐ ஸ்லாட்டில் செருகும் நெட்வொர்க் கார்டு என்றால் இந்தச் சிரமம் இல்லை. தயாரித்தவர் எண், சாதன எண், எவ்வளவு நினைவகம் தேவை என்று எல்லாவற்றையும் கார்டே சொல்லிவிடும். ஆர்ம் வகைச் செயலிச் சிப்புக்கு உள்ளேயே இருக்கும் ஈதர்நெட் கன்ட்ரோலர் அப்படி வாய் திறக்காது. அதன் ரெஜிஸ்டர்கள் (அதை இயக்கும் சின்னச் சின்ன நினைவு இடங்கள்) எந்த முகவரியில் தொடங்குகின்றன, எந்த க்ளாக், எந்த இன்டரப்ட் (‘என்னைக் கவனி’ என்று செயலியைக் கூப்பிடும் சமிக்ஞை), வெளியே கேபிளோடு பேசும் எந்த ஃபை சிப்போடு சேர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும் கோப்புக்குப் பெயர்தான் டிவைஸ் ட்ரீ.

முன்பெல்லாம் இந்த விவரங்களை போர்டுக்கு ஒரு கோப்பு என்று கெர்னலுக்குள்ளேயே சி நிரலாக எழுதினார்கள். ஆர்ம் பகுதி அப்படியே பெருத்துக்கொண்டு போவதைப் பார்த்து 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அதற்கு அப்புறம் டிவைஸ் ட்ரீக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது. யோசனை பழையது. சன் ஸ்பார்க், பவர்பிசி இயந்திரங்களில் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. அதற்கு 1994-லேயே தரநிலை உண்டு.

இந்தக் கோப்பில் நான் அதிகம் தவறு பார்த்தது இன்டரப்ட் வரியில்தான். மூன்றே எண்கள் இருக்கும் வரி: பொதுவா சொந்தமா என்பது முதலாவது, இன்டரப்டின் எண் இரண்டாவது, வகை மூன்றாவது. ஆர்மின் இன்டரப்ட் கன்ட்ரோலரில் 0 முதல் 15 வரை கோர்கள் (சிப்புக்குள் இருக்கும் செயலிகள்) ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொள்வதற்கு, 16 முதல் 31 வரை ஒவ்வொரு கோருக்கும் சொந்தமானவை. பொதுவானவை 32-ல்தான் தொடங்குகின்றன. ஆனால் டிவைஸ் ட்ரீயில் பொதுவானவற்றை 0-லிருந்து எண்ண வேண்டும். சிப் கையேட்டில் 66 என்று இருந்தால் நாம் எழுத வேண்டியது 34. சில கையேடுகளில் 32-ஐக் கழித்தே அச்சிட்டிருப்பார்கள், அங்கே மறுபடியும் கழித்தால் வேறு யாருடைய இன்டரப்டிலோ போய் நிற்போம். இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும் என்பது ஆறுதல். இன்டர்ஃபேஸ் எழுந்திருக்கும், பிங் போகாது, கெர்னலின் இன்டரப்ட் பட்டியலில் அந்த வரியின் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கும்.

மூன்றாவது எண் அப்படி இல்லை. அது இன்டரப்டின் வகை: 1 என்றால் ஏறும் விளிம்பு, 2 என்றால் இறங்கும் விளிம்பு, 4 என்றால் உயர்நிலை, 8 என்றால் தாழ்நிலை. ஆர்ம் கன்ட்ரோலரின் பொது இன்டரப்டுகளுக்கு 1, 4 மட்டுமே செல்லும். சிப்பின் பின்களைக் கவனிக்கும் ஜிபிஐஓ கன்ட்ரோலர் வழியாக வரும் கோடுகளில் 2, 8 இரண்டும் வரும்; அங்கேயும் வகையைச் சொல்வது கடைசி எண்தான். விளிம்பு என்பது கோட்டின் மின்னழுத்தம் மாறும் கணம், தபால்காரர் வாசலில் ஒரு தடவை ‘சார், போஸ்ட்’ என்று குரல் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. நிலை என்பது கைக்குழந்தையின் அழுகை. போய்த் தூக்கும் வரை நிற்காது.

என் போர்டில் இரண்டு ஈதர்நெட் ஜாக், இரண்டு ஃபை சிப். ஒரு கேபிள் போனால் மற்றதற்குத் தானாக மாற வேண்டும், அதுவும் சட்டென்று. ஃபைக்கான இன்டரப்ட் வரியை முந்தைய போர்டின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்தேன். ஜிபிஐஓ வழியாக வரும் கோடு அது, கடைசி எண் 2 என்று இருந்தது. சோதனையில் ஒரு கேபிளைப் பிடுங்கினோம், அடுத்ததைப் பிடுங்கினோம், எல்லாம் சரியாக மாறியது. அனுப்பிவிட்டோம்.

களத்திலிருந்து வந்த புகார் விசித்திரமாக இருந்தது. மின்சாரம் போய் வந்து சில நாட்கள் கழித்து, ஒரு கேபிள் கழன்றதும் போர்டு முழுவதுமாகத் தொடர்பை இழந்துவிடுகிறது. ரீபூட் செய்தால் சரியாகிவிடுகிறது. இரண்டு வாரம் ட்ரைவர் நிரலையே தோண்டிக்கொண்டிருந்தேன். ஹார்ட்வேர் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருநாள் போர்டின் சுற்று வரைபடமான ஸ்கீமாட்டிக் தாளோடு வந்து உட்கார்ந்தார். “தம்பி, இந்த இன்டரப்ட் கோடு ரெண்டு ஃபைக்கும் பொதுதானே, தெரியுமா?” என்றார். “தெரியாது சார்” என்றேன். பழைய போர்டில் ஒரே ஃபைதான்.

அப்புறம் எல்லாம் விளங்கியது. ஃபை தன் கோட்டை 0 வோல்டுக்கு இழுத்தால், கெர்னல் அதன் நிலை ரெஜிஸ்டரைப் படிக்கும் வரை விடாது. மின்சாரம் போய் ஸ்விட்ச் அணைந்தால் இரண்டு இணைப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறும். முதல் ஃபை கோட்டை இழுக்கிறது, கெர்னல் வந்து இரண்டையும் விசாரிக்கிறது. இரண்டாவது ஃபையிடம் கேட்ட நொடியில் அதனிடம் சேதி இல்லை. முதலாவதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது இழுத்துவிடுகிறது. முதலாவது விட்டாலும் கோடு மேலே ஏறாது. ஏறாத கோடு இறங்கவும் முடியாது. இனி இறங்கும் விளிம்பே கிடையாது. இரண்டு ஜாக்கும் கெர்னலுக்கு ஊமையாகிவிட்டன. ஸ்விட்ச் திரும்பி வந்த பிறகும் முதல் இணைப்பு அறுந்தது அறுந்ததாகவே பதிவில் நிற்கும். இரண்டாவது வழியாகப் போக்குவரத்து ஓடுவதால் யாருக்கும் தெரியாது. அந்தக் கேபிளும் கழன்றால்தான் வெளியே வரும்.

ஒரு ஸ்விட்சில் இரண்டு கேபிளையும் செருகி அதன் மின்சாரத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தோம். பல தடவைக்குப் பிறகு ஆசிலோஸ்கோப் திரையில் அந்தக் கோடு கீழே விழுந்து எழுந்திருக்கவே இல்லை. வாடிக்கையாளரின் இடத்தில் யார் யாரோ இதனால் அலைந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மனதில் உறைத்தது.

இன்டரப்ட் வரியையே எடுத்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். எடுத்தால் கெர்னல் ஃபையை விநாடிக்கு ஒரு தடவை தானே போய்ப் பார்த்துக்கொள்ளும். கோளாறும் போகும். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு விநாடி என்பது எங்களுக்குத் தாமதம் என்பது ஒரு காரணம். அதைவிட, போர்டில் அந்தக் கம்பி இருக்கிறது. டிவைஸ் ட்ரீ லினக்ஸுக்கு மட்டும் எழுதும் கடிதம் அல்ல. போர்டை முதலில் எழுப்பும் யூ-பூட்டும் படிக்கும், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளமும் படிக்கும். இருப்பதை இல்லை என்று அதில் எழுதக் கூடாது. ஃபையின் டேட்டாஷீட் (தயாரித்தவர் தரும் விவரத்தாள்) தாழ்நிலை என்று சொல்கிறது. கம்பி பொது என்று ஸ்கீமாட்டிக் சொல்கிறது. நான் இரண்டையும் படிக்காமல் இன்னொரு கோப்பைப் படித்திருந்தேன்.

இரண்டு ஃபைக்கும் 2-ஐ 8 ஆக மாற்றினேன். அன்று இரவு முழுக்க ஸ்விட்சை அணைத்து ஏற்றிக்கொண்டே இருந்தோம். கோடு ஒவ்வொரு தடவையும் மேலே வந்தது.

மறுநாள் காலை கோப்பை அச்சடித்து ஹார்ட்வேர்காரரிடம் கொண்டுபோனேன். அவருக்கு டிவைஸ் ட்ரீ பழக்கமில்லை. ஸ்கீமாட்டிக்கைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டு வந்தவர், ஃபையின் ரீசெட் வரியில் நிறுத்தினார். “இது மைக்ரோ செகண்டா, மில்லி செகண்டா?” என்று கேட்டார். மைக்ரோ செகண்டில் எழுத வேண்டிய இடம் அது. நான் 10 என்று எழுதியிருந்தேன். டேட்டாஷீட் கேட்டது 10 மில்லி செகண்ட்.