பாக்கி

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் மகளுக்குக் கூடைப்பந்துப் போட்டி. கோட்டுக்கு வெளியே போன பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எழுந்து எடுத்தேன். அவ்வளவுதான், கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. பந்தை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறேன். நடுவர் கையை நீட்டுகிறார், நான் அசைவதாக இல்லை. "அம்மா, ஏன் சிலை மாதிரி நிக்கிறீங்கள்? எறியுங்கோ!" என்று மகள் கத்த, மண்டபமே சிரித்தது.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? நான் வலைப்பந்துக்காரி. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் ஓட முடியாது. ஊன்றிய கால் ஊன்றியபடி நிற்க, மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். தட்டிக்கொண்டு போகிற கதையே இல்லை. எங்கள் பள்ளிக்கூட மைதானம் மணல், தட்டினாலும் பந்து எழும்பியிருக்காது. இல்லப் போட்டிக்கு முதல் நாள் சுண்ணாம்புக் கோடு போடுவோம். நெஞ்சில் ஜி.ஏ. (கோல் அற்றாக், வளையத்துக்கு எறிகிற ஆள்) என்று எழுதின துணியைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நிற்பேன். கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம், பின்னால் பலகை கிடையாது. குறி தவறினால் பந்து வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விடும். அந்த வீட்டு ஆச்சி அவ்வளவு லேசில் தரமாட்டா. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழுந்து நடந்தது. அதற்குப் பிறகு அந்த வளையத்தை நான் பார்க்கவில்லை.

1997 தையில் கனடா வந்தேன். வந்து இரண்டாம் கிழமை பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பு. கூடைப்பந்து என்றார்கள். யாரோ எறிந்த பந்தை அழகாகத்தான் பிடித்தேன். பிடித்தவுடன் போன சனிக்கிழமை நின்ற அதே நிலை. "ஓடு, ஓடு" என்று எல்லாரும் கத்துகிறார்கள். பந்தோடு ஓடுவது பிழையல்லவா, எப்படி ஓடுவேன்? அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெடியன் சொன்னான்: "பாக்கி."

என் காதில் விழுந்தது நம்முடைய பாக்கிதான். கடைக் கொப்பியில் எழுதுகிற பாக்கி. எங்களைக் கூப்பிட அப்பா பட்ட கடன், எடுத்த சீட்டு, கட்டுகிற வட்டி எல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளை நான். முகம் சுட்டுப் போனது. பின்னேரம் வீட்டுக்கு வந்து, "அப்பா, பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டவில்லையா? பெடியள் பாக்கி பாக்கி என்று கேட்கிறாங்கள்" என்றேன். அப்பா பதறிப்போய் அலுமாரியில் இருந்த பற்றுச்சீட்டெல்லாம் எடுத்துப் பார்த்தார்.

முந்தியே வந்திருந்த பெரியப்பா மகன் அண்ணாதான் விளங்கப்படுத்தினார். அது பாகிஸ்தான்காரரைச் சுருக்கிச் சொல்லுகிற வசவாம். இந்த நிறத்தில் யார் வந்தாலும் இங்கே அந்தப் பெயர்தானாம். அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் வசவுக்காக வந்த கோபமில்லை, முகவரி பிழை என்கிற கோபம். "நாங்கள் பாகிஸ்தான்காரர் இல்லை, இலங்கைத் தமிழர்" என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதித் தந்தார். மனப்பாடம் செய்துகொண்டு போய் அடுத்த நாள் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

நெய்ஸ்மித்தைப் பற்றிக் கேள்விப்பட்டது பல வருடங்களுக்குப் பிறகு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்ராறியோவின் அல்மொன்ற் பகுதியில் பிறந்த அசல் கனடாக்காரர். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று: பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் பிறகு வந்த பழக்கம். அப்படியென்றால், அன்றைக்கு அந்த மண்டபத்தில் கனடாக்காரரின் சட்டப்படி விளையாடியது நான் ஒருத்திதான்! இதை அந்தப் பெடியனிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். அவனுக்கு இப்போது தலை வழுக்கையாகியிருக்கும்.

பந்து தட்டப் பழக்கியவள் எங்கள் கட்டடத்திலேயே பதினோராம் மாடியில் இருந்தாள். தாய் தகப்பன் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். "பந்தை விடு, அது திரும்பி உன் கைக்கே வரும்" என்பாள். எனக்கு விட மனம் வராது. அம்மா வலிகாமத்து வீட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக் கனடா வரைக்கும் கொண்டு வந்தவ. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய், விட்டது திரும்பி வரும் என்றால் எப்படி நம்பும்? பனி உருகின பிறகு கட்டடத்துக்குப் பின்னால் இருந்த திடலில் மூன்று மாதம் மல்லுக்கட்டினாள். ஒரு நாள் பந்து திரும்பி வந்தது. அங்கேயும் இங்கேயும் வளையம் 10 அடி உயரம்தான். ஆனால் வலைப்பந்து வளையத்தின் உள்விட்டம் 38 சென்டிமீட்டர், இங்கே 45-க்கும் மேல். கிணற்றடிக்குப் பயந்து பழகின கைக்கு அது அண்டா மாதிரித் தெரிந்தது. அதன் பிறகு அணியில் என்னைப் பாக்கி என்று கூப்பிட்டவர்கள் குறைவு.

இவ்வளவோடு நிறுத்தினால் எனக்கு நல்லது.

ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். அம்மா சிரித்த முகத்தோடு தட்டை வடையும் தேத்தண்ணியும் கொடுத்தா. கொடுத்துக்கொண்டே என்னிடம் தமிழில் அவளைக் குறித்து ஒரு சொல் சொன்னா. கறுப்பின மக்களை எங்கள் வீடுகளில் சொல்லுகிற அந்தச் சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை, வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். "இதுகளோட என்ன சகவாசம்?" என்பதும் அதே சிரிப்போடுதான் வந்தது. அவள் வடையைக் கடித்தபடி, "அம்மா என்ன சொல்கிறா?" என்று கேட்டாள்.

"நீ நல்ல உயரமாம்" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்து நன்றி சொன்னாள்.

ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் ஆட்டத்துக்கு அப்பா அடிமையானது பிறகு. தொலைக்காட்சியில் தலைப்பாகையோடு நவ் பாட்டியா தெரிந்தால், "எங்கட ஆள்!" என்பார். 1984-இல் கனடா வந்த சீக்கியர் அவர். 1995-இல் அணி தொடங்கின நாளிலிருந்து சொந்த மண்ணில் நடக்கிற ஆட்டங்களைத் தவறவிடாதவர் என்று பேர் பெற்றவர். "அப்பா, நாங்கள் இலங்கைத் தமிழர் என்று துண்டு எழுதித் தந்தீங்களே?" என்று கேட்டேன். "அது வேற கதை, பேசாமல் ஆட்டத்தைப் பார்" என்றார். 2019 மே 12, ராப்டர்ஸ் வீரர் கவாய் லெனர்ட் கடைசியாக எறிந்த பந்து வளையத்தின் மேல் நான்கு முறை துள்ளியபோது அப்பா சாமிப் படத்துக்கு முன்னால் நின்றார். விழுந்ததும் முருகா என்று கத்தினார்.

அந்த வருடம் அணி கிண்ணத்தையே வென்றது. ஜூன் 17 வெற்றி ஊர்வலத்துக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது, தகப்பனின் தோளில் இருந்தாள். கண்ணுக்கு எட்டின தூரம் தலைகள், எல்லா நிறத்திலும். "நாங்கள் வென்றுவிட்டோம்" என்று தொண்டை கட்டும் வரை கத்தினேன். சரி, இனி நானும் இந்த ஊர்க்காரி என்று நினைத்தேன். ஆனால் வீரர்கள் நின்ற பேருந்து கூட்டத்துக்குள் ஊர்ந்து வந்தபோது நல்லூர்த் தேர் வருவது போலவே இருந்தது. கண் தன்பாட்டில் கச்சான் விற்கிற ஆச்சியைத் தேடிக்கொண்டு போனது.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். பந்தை ஒருவழியாக எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா, மடியில் சுடுதண்ணிப் போத்தல். எங்கள் அணியில் ஒரு கறுப்பினப் பிள்ளை, சின்ன உருவம், நாலு பேருக்கு நடுவால் புகுந்து பந்தைப் போட்டாள். அம்மா கை தட்டினா. மனம் நிறைந்து பாராட்டினா, அந்தச் சொல்லையும் சேர்த்து. இடைவேளைக்குத் தண்ணீர் குடிக்க வந்த மகளின் காதில் அது விழுந்துவிட்டது.

"அப்படியென்றால் என்ன, அம்மம்மா?"

அம்மா என்னைப் பார்த்தா. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"உயரமான பிள்ளை என்கிறா" என்றேன்.

மகள் போத்தலை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவள்தான் எங்கட அணியிலேயே கட்டை, அம்மா."