ஜோர்ஜியன் குடாவில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பாம்பு

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் வயல்கள் முடிந்து, வீதியின் இருபுறமும் இளஞ்சிவப்பும் சாம்பலும் வரிவரியாகக் கலந்த பழம்பாறைகள் எழத் தொடங்கும். பரி சவுண்ட் என்ற சிற்றூரைக் கடந்து, ஹூரன் ஏரியின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஜோர்ஜியன் குடாவை நோக்கித் திரும்பும் ஒடுங்கிய வீதியின் முடிவில் கில்பெயர் மாகாணப் பூங்கா இருக்கிறது. 2025 ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதியில் அங்கே கூடாரமடிக்கச் சென்றோம். மற்றவர்களுக்கு அது ஏரிக் குளிப்பு. எனக்கு மட்டும், ஒன்ராறியோவில் எஞ்சியிருக்கும் ஒரேயொரு நச்சுப் பாம்பை அதன் இடத்திலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. அதைக் கேட்ட அம்மா, "பாம்பு பாக்கிறதுக்குக் காசு குடுத்துப் போறியோ?" என்றார். வன்னியில் வயல் வரம்புகளில் புடையனுக்குப் பயந்து வளர்ந்த ஒருவரின் கேள்வி அது. அதற்கு நான் பதில் சொல்ல முயலவில்லை.

நான் தேடிப்போன பாம்பின் பெயர் மசசாகா. வாலில் கிலுக்குடைய பாம்புகளில் இது சிறியது. முழு வளர்ச்சியிலும் பெரும்பாலும் இரண்டு அடி அளவுதான். ஆற்றின் பெரிய முகத்துவாரத்தைக் குறிக்கும், ஒஜிப்வே பழங்குடி மக்களின் மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள். நம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கும் மிசிசாகா நகரத்தின் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஒஜிப்வே மக்கள் இந்தப் பாம்பை அழைக்கும் சொல் வேறு: ஷீஷீக்வே. வாயை அதிகம் திறக்காமல் மெல்லச் சொல்லிப் பார்த்தால் அந்தப் பெயருக்குள்ளேயே கிலுக்கு ஒலிப்பது தெரியும்.

ஒரு காலத்தில் ஒன்ராறியோவில் கிலுகிலுப்பைப் பாம்பு இரண்டு வகை இருந்தது. பெரிய வகையான மரக்காட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பு கடைசியாக 1941இல் நயாகரா பள்ளத்தாக்கில் காணப்பட்டது. அதன்பின் இம்மாகாணத்தில் அது இல்லை. சுற்றுலாப் பயணிகளாக நாம் நின்று படமெடுக்கும் அதே நயாகராவில்தான் அந்த இனத்தின் கணக்கு இங்கு முடிந்தது. எஞ்சிய மசசாகாவுக்கும் கனடாவில் ஒன்ராறியோவை விட்டால் வேறிடமில்லை. ஜோர்ஜியன் குடாக் கரையிலும் புரூஸ் தீபகற்பத்திலும் ஓரளவு வாழ்கிறது. தெற்கே வின்சர் நகரை ஒட்டிய ஒஜிப்வே புல்வெளியிலும், நயாகரா பகுதியிலுள்ள வெயின்ஃபிளீட் சதுப்பிலும் சிறு கூட்டங்களாகச் சுருங்கிவிட்டது. வெயின்ஃபிளீட்டில் நீண்ட காலம் வடிகால் வெட்டி நீரை இறக்கினார்கள். சதுப்பு மண்ணைத் தோண்டி விற்றார்கள். அமெரிக்காவில் இந்தப் பாம்பு வாழும் மாநிலங்களிலும் கதை ஏறக்குறைய இதுதான். அங்கே 2016இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அது கூட்டாட்சிச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சதுப்புக்கும் பாம்புக்கும் என்ன உறவு என்பது பூங்காவின் தகவல் நிலையத்தில்தான் எனக்கு விளங்கியது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உயிருள்ள மசசாகா ஒன்றை வைத்திருக்கிறார்கள். சாம்பல் கலந்த பழுப்பு உடலில் கரும்பழுப்புத் திட்டுகள் வரிசையாக ஓடுகின்றன. நம்மூர்க் கண்ணாடி விரியனின் சங்கிலிக் கோலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தூரத்து உறவாகத் தெரிகிறது. ஆறேழு மாதக் குளிரை இந்தப் பாம்பு நிலத்தடியில்தான் கழிக்க வேண்டும். உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரமான பொந்தோ, நன்னீர் நண்டினம் தோண்டிய வளையோ, பாசி மூடிய வேரிடுக்கோ அதற்கு வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் உறைந்தோ உலர்ந்தோ போகும். ஆகவே சதுப்பில் ஒரு வாய்க்கால் வெட்டுவது, பாம்பின் மேல் ஒரு கை படாமலே அதைக் கொன்றுவிடும். கோடையில் அதற்குத் தேவைப்படுவது நேர்மாறான இடம். வெயில் காயும் திறந்த பாறை. சதுப்பிலிருந்து பாறைக்கும் பாறையிலிருந்து சதுப்புக்கும் போய்வரும் இந்த வழியில் எங்கேனும் ஒரு வீதி குறுக்கிடுகிறது.

அந்த வீதியைக் கில்பெயரில் நாங்களே பயன்படுத்தினோம். ஓரங்களில் முழங்கால் உயரத்துக்கும் குறைவான வேலி ஓடுவதைக் கண்டு, எதைத் தடுக்க இவ்வளவு குட்டை வேலி என்று முதலில் வியந்தேன். வேலியோரமாக ஊர்ந்து வரும் பாம்பு, வீதியில் ஏற முடியாமல், அடியில் அமைத்திருக்கும் சுரங்க வழிக்குள் இறங்கி மறுபக்கம் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேலியும் சுரங்க வழிகளும் வந்த பிறகு பூங்காவின் வீதிகளில் மசசாகா அடிபட்டுச் சாவது வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் இது பெரிய காரியம். இந்தப் பெண் பாம்புகள் பருவமடையவே பல ஆண்டுகள் எடுக்கின்றன. அதன் பின்னும் ஆண்டுதோறும் ஈனுவதில்லை, ஓராண்டோ ஈராண்டோ இடைவெளி விட்டுத்தான் குட்டி போடுகின்றன. முட்டையிட்டுப் பெருகும் தவளைக் கணக்கு இங்கே செல்லாது. ஒரு வளர்ந்த பெண் பாம்பு சக்கரத்தில் நசிந்தால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வர நெடுங்காலம் ஆகும்.

இரண்டாம் நாள் முற்பகல், ஏரியோரப் பாறை வெளியில் காட்டுப் புளூபெரிப் பழங்கள் கறுத்துக் கிடந்தன. அம்மா ஒரு கிண்ணத்துடன் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் சற்றுப் பின்னால் நின்றேன். நுளம்பு வலைக்குள் அகப்பட்ட தேனீ இறகடிப்பது போன்ற மெல்லிய ஓசை கேட்டது. எவ்வளவு மெல்லியது என்றால், முதலில் அதை ஒரு பூச்சி என்றே நினைத்தேன். பின்னர்தான் கண்டேன். அம்மாவின் கையிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகத் தூரத்தில், அதாவது இரு கைகளையும் விரித்த அளவில், ஜூனிப்பர் புதரின் விளிம்பில், தட்டைப் பாறையொன்றின் மேல் அது சுருண்டு கிடந்தது. அதுவரையில் நாங்கள் அதைக் கடந்து இரண்டு முறையாவது நடந்திருப்போம். அப்போதெல்லாம் அது வாய் பேசவில்லை. இந்தப் பாம்பின் முதல் காப்பு நிறம், இரண்டாவது காப்பு அசையாமை, கிலுக்கு கடைசியில்தான்.

அம்மாவின் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள், "தடி ஒண்டு எடு" என்பவை. அதில் வன்மம் ஏதுமில்லை. வைத்தியசாலை எட்டாத் தூரத்தில் இருந்த ஊரில் கற்ற பாடம் அது. இங்கே நிலைமை வேறு. பரி சவுண்ட் மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து இருக்கிறது. இம்மாகாணத்தில் மசசாகா கடித்து இறந்தவர்களாகப் பதிவில் உள்ளவர்கள் இரண்டு பேர்தான், அவையும் அரை நூற்றாண்டுக்கு முந்தியவை. ஆயினும் அந்த நொடியில் புள்ளிவிவரம் எதுவும் என் நினைவில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சொன்ன செய்தி கேட்டு ஒரு பூங்கா ஊழியர் வந்தார்; மாணவி வயதுப் பெண். தள்ளி நின்றே தொலைநோக்கியில் பார்த்தார். உடலின் பின்பாதி பருத்திருப்பதையும், வெயில் ஏறிய பாறையை விட்டு நகராமல் கிடப்பதையும் காட்டி, இது அநேகமாகச் சினைப் பாம்பு என்றார். மசசாகா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். கருவை வளர்க்கத் தேவையான சூட்டை அது தன் உடலால் உண்டாக்க முடியாததால், கோடை முழுவதும் இரையைக்கூடப் பெரிதாகத் தேடாமல் ஒரே பாறையில் கிடந்து வெயிலைக் கடன் வாங்குகிறது. ஆகஸ்ட் பிற்பகுதியில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் வரலாம். அவற்றின் வாலில் ஒரேயொரு பொத்தான்தான் இருக்கும், அது ஒலிக்காது. தோல் உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணு கூடிய பின்னரே கிலுக்கு பிறக்கும். கணுக்கள் முறிந்து விழுவதால், அவற்றை எண்ணி வயது சொல்வதெல்லாம் வெறும் பேச்சு.

"பிடித்துக்கொண்டுபோய்க் காட்டுக்குள் தூரமாக விடலாமே" என்று நான் கேட்டேன். கருணையான யோசனை என்றே நினைத்தேன். அவர் தலையாட்டி மறுத்தார். கூடாரத்துக்குள் வந்த பாம்பைக்கூட அதன் வழக்கமான நடமாட்ட எல்லைக்குள்தான் எடுத்து விடுவார்களாம். நெடுந்தூரம் கொண்டுபோய் விட்டால், அது தன் குளிர்கால வளையைத் தேடி அலைந்து, கிடைக்காமல், முதல் உறைபனியில் செத்துப்போகும்.

இந்த இடத்தில் என் மனத்தாங்கலையும் எழுதிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டம் அதுவரை இப்பாம்புக்கு மாகாணம் தந்த முதன்மைக் கவசமாக இருந்தது. நாங்கள் போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2025 ஜூனில் ஒன்ராறியோ அரசு நிறைவேற்றிய ஐந்தாம் இலக்க மசோதா அதில் வாழிடம் என்பதன் பொருளையே சுருக்கிவிட்டது: விலங்கு ஈனவும் உறங்கவும் பயன்படுத்தும் வளை, கூடு போன்ற உறைவிடமும், அதைச் சூழ்ந்த உடனடி இடமும் மட்டுமே. வளை வீடுதான், பாறையும் வீடுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள காடு யாருடையது? அந்தக் காட்டைக் கடக்காத மசசாகா உலகில் இல்லை.

ஊழியர் சிறிய பதிவுத்தாளில் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டார். பாம்பைத் திருடி விற்பவர்களும் இருப்பதால், படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆகவே எந்தப் பாறை, எந்தக் கரை என்று இக்கட்டுரையில் நான் எழுதவில்லை. அவர் சொன்னவற்றை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைத்தாச்சியோ? அப்ப விடு, அது கிடக்கட்டும்."

பறித்த பழங்களுடன் வேறு வழியால் கூடாரத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலை வானம் மூடி, ஏரியிலிருந்து குளிர்காற்று வீசியது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, வெயில் இல்லாத நாளில் அது பாறைக்கு அடியில் போய்ப் படுக்குமா, மேலேயே கிடக்குமா என்று கேட்டார். அடியில்தான் போகும் என்றேன். பிறகு, பத்து மணிக்கு மேல் வெயில் வந்தால் தூர நின்று ஒருதரம் பார்த்துவிட்டு வெளிக்கிடலாம் என்றார்.