கடுவையாற்றங்கரையில் ஒரு தடைக்காலம்

ஏப்ரல் 20, 2025

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஐந்து நாளாகிறது. ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பழைய மரப்படகுகளைப் படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. விடியும்போதே நாகப்பட்டினம் வந்துவிட்டேன். தண்ணீருக்குள் மறைந்தே கிடக்கும் அடிப்பாகமெல்லாம் கரையேறி நிற்கிறது. வருஷா வருஷம் பூசிய பெயிண்ட் உரிந்து, பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சிவப்பு. மணலில் மண்டியிட்டு, படகின் முன்முனையான அணியத்தைக் கீழிருந்து மேலாக எடுத்தேன். தேறியது ஆறு படம்.

ஏப்ரல் 27

இன்று அப்பாவும் வந்தார். ஓர் ஆசாரி கலப்பத்து பார்த்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறக்குகிற வேலை. இடுக்கு நிறைய நிறையச் சத்தம் கெட்டியாகிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

"இடுக்குல பூச இப்பவும் குங்கிலியப் பிசின்தானா?"

"மரம் இருக்கிற வரைக்கும் அதான் அண்ணே. பாதிப் பேரு மேலேயே ஃபைபர் ஒட்டிடுறாங்க."

திரும்பும் வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். தாத்தா ரஜூலா கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகில் வேலை பார்த்தவர் என்பது தெரியும். வேலை எப்படி என்று இன்றைக்குத்தான் கேட்டேன். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் டெக் டிக்கெட் எடுத்தவர்கள் பாயும் தகரப் பெட்டியுமாகப் படகில் போவார்கள். அலையில் படகு ஏறி இறங்கும். ஏறி நிற்கிற அந்த ஒரு நொடியில் ஆளைத் தூக்கிக் கப்பல் ஏணியில் விட வேண்டும். பிந்தினால் படகு கீழே போய்விடும், ஆள் நடுவில் தொங்குவார். தூக்கி விடுவதுதான் தாத்தாவின் வேலை.

தன் சொந்தத் தம்பியையும் அவர்தான் தூக்கி விட்டிருக்கிறார். சின்னத்தாத்தாவின் கையை விடவே இல்லையாம். மேலேயிருந்து யாரோ அதட்டிய பிறகுதான் விட்டாராம். அப்பாயி இதைச் சொல்லும்போதெல்லாம் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொள்வாராம்.

சின்னத்தாத்தா திரும்பி வரவில்லை. பணமும் கடிதமும் வந்தன, அப்புறம் கடிதம் மட்டும்.

மே 4

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தக் கடலில் ஓடியது. 1973இல் கைமாறி, ரங்கத் என்று பெயர் மாற்றி, அடுத்த வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அப்புறம் அந்த வழியில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்தது; பயணிகள் ஓட்டமும் அத்தோடு நின்றது.

கப்பலுக்குப் படம் நிறைய இருக்கிறது. ஆள் ஏற்றிய படகுகளையும் அதில் நின்றவர்களையும் எடுத்த படம் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது. தாத்தாவுக்கும் படம் கிடையாது.

அதனால் இனி படகை மட்டும் எடுப்பதில்லை. உளி பிடித்த கை, பலகையில் ஊன்றிய கால், அதையும் சேர்த்தே எடுக்கிறேன். ஆசாரியிடம் கேட்டுவிட்டு எடுத்தேன். "முகமும் வரட்டும் தம்பி" என்றார். சரி என்று அதையும் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 14

துறைமுகமே பரபரப்பாக இருக்கிறது. ஐஸ், டீசல், வலை, சாமி படத்துக்கு மாலை. கலப்பத்து பார்த்த அந்தப் படகு தண்ணீரில் இறங்கி நிற்கிறது, புதுப் பெயிண்டில் அடையாளமே தெரியவில்லை. அப்பா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். புறங்கையில் நரம்பு தெரிய ஒரு படம் எடுத்தேன். இந்த வருஷத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

நள்ளிரவு தாண்டி ஒவ்வொன்றாகக் கிளம்பின. அப்பா விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழில் விட்டுவிட்டு, "டீ குடிக்கலாமாடா?" என்றார்.