ஆட்டுக் குளம்பும் மான் அடியும்

போன ஞாயிறு குடும்பத்தோடு உவரிக்குப் போயிருந்தோம். சுயம்புலிங்க சாமி கோயிலில் நேர்ச்சைக்காரர்கள் கடலோரத்து மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்துகொண்டிருந்தார்கள். கும்பிட்டு முடித்துவிட்டு அப்படியே மணல்மேட்டுப் பக்கம் நடந்தோம், அங்கே அடம்பங்கொடி ஊதா நிறத்தில் பூத்துப் படர்ந்து கிடந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிற அக்கா மகள் போனை நீட்டிப் படம் எடுத்தாள், திரையில் அதன் தாவரவியல் பெயர் வந்தது: ஐப்போமியா பெஸ்-காப்ரே. "மாமா, இந்தப் பேரெல்லாம் எதுக்குத்தான் வைக்காங்களோ, ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்கு" என்றாள்.

"ஏட்டி, பேரை விடு, இலையைப் பாரு. எது மாதிரி இருக்கு?"

குனிந்து பார்த்தாள். நுனி நடுவில் பிளந்து இரண்டாக நிற்கிற தடித்த இலை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டுக் கால்தடம் மாதிரி" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெஸ் என்றால் லத்தீனில் கால், காப்ரா என்றால் பெண் வெள்ளாடு. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அச்சில் ஏற்றிய பெயரை இவள் உவரி மணலில் நின்று தானாகவே சொல்லிவிட்டாள்.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். குறுந்தொகை 243ஆம் பாட்டில் தலைவி ஒருத்தி, அவனை இனி நினைக்கவே மாட்டேன், என் கண்கள் தூங்கட்டும் என்று தோழியிடம் சொல்கிறாள். அவ்வளவு மனவேதனையிலும் அவன் ஊர்க் கடற்கரையைச் சொல்லும்போது இதே அடம்பின் இலையை மானின் அடி போலக் கவைத்த இலை என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அங்கே மான், இங்கே ஆடு, இரண்டுமே பிளந்த குளம்பு. தேரி மணலில் ஆட்டுத்தடம் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு முதலில் தோன்றுவது ஆடுதான், ஆனால் அந்தப் பாட்டைப் படித்ததிலிருந்து மானும் கூடவே வந்து நிற்கிறது.

அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை இதே பேச்சுதான். இந்தப் பெயர்களில் இலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சொல் தெரிந்தால் பெரும்பாலும் போதும். லத்தீனில் ஃபோலியம், கிரேக்கத்தில் ஃபில்லோன். பச்சையத்துக்குக் குளோரோஃபில் என்று படித்தோமே, அதன் வாலில் இருப்பது இந்த ஃபில்லோன்தான். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த இலுப்பை மதுகா லாங்கிஃபோலியா, அதாவது நீள இலை. மலைக்காட்டு ஈட்டி மரம் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா, அகல இலை. வேம்பில் ஏற்றிவிடுகிற சீந்தில் டைனோஸ்போரா கார்டிஃபோலியா, இதயம் போன்ற இலை. புன்னைக்கு மட்டும் ஒரே பெயரில் இலை இரண்டு தரம் வருகிறது: கலோஃபில்லம் ஐனோஃபில்லம். முன்பாதி அழகான இலை, பின்பாதி நார் ஓடிய இலை. தாமிரபரணி கடலில் கலக்கிற ஊருக்குப் புன்னைக்காயல் என்று பெயர் வைத்த சீமை இது, இருந்தாலும் ஒரு புன்னை இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நடுநரம்பிலிருந்து இழை இழையாக நெருங்கி ஓடுகிற அந்தக் கோடுகளை நான் பார்த்தது இந்தப் பெயரின் பொருள் தெரிந்த பிறகுதான்.

சரி, பனைக்கு வருகிறேன். போராசஸ் ஃபிளாபெல்லிஃபெர். ஃபிளாபெல்லம் என்றால் விசிறி, ஃபெர் என்றால் சுமப்பது. விசிறி சுமக்கிற மரம்! சித்திரை மாதத்தில் கரண்ட் போன ராத்திரிகளில் எங்கள் ஆச்சி பனையோலை விசிறியால் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வீசிக்கொண்டே இருப்பாள், பாதித் தூக்கத்திலும் அவள் கை நிற்காது. அந்த விசிறி லத்தீன் பெயருக்குள் இருக்கிறது என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் நான் இன்னும் சீக்கிரம் தாவரவியலைக் காதலித்திருப்பேன். பாம் என்று இந்த வகை மரங்களைச் சொல்கிறோமே, அதற்கு மூலமான பால்மா என்ற லத்தீன் சொல்லுக்கும் உள்ளங்கை என்றுதான் பொருள், விரித்த விரல்கள் மாதிரி ஓலை விரிவதால்.

ஆனால் பனை விஷயத்தில் தமிழின் கண் இன்னும் கூர்மை என்று நான் நினைக்கிறேன். பனையிலை என்று யாரும் சொல்வதில்லை, ஓலைதான். குருத்தோலை, சாரோலை, காவோலை என்று வயசுக்கு ஒரு பெயர் வேறு. தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே வைரம் ஏறியது புல், உள்ளே வைரம் ஏறியது மரம் என்று பிரித்து, ஓலை, மடல், ஈர்க்கு எல்லாம் புல்லின் உறுப்பு, இலை மரத்தின் உறுப்பு என்று வகுக்கிறது. இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரம் என்று புல் இருக்கிற பக்கத்தில்தான் வைக்கிறது. அப்புறம் இதையும் சொல்ல வேண்டும், ஃபோலியம்தான் பிறகு புத்தகத் தாளுக்கு ஃபோலியோ ஆனது, இங்கே பனையோலைதான் ஏடு ஆனது. எழுத ஒரு பரப்பு வேண்டும் என்றதும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் இலைதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கீழாநெல்லி. காமாலை என்றால் ஆச்சி முதலில் தேடுவது இதைத்தான், வாய்க்கால் வரப்பில் பிடுங்கும்போது இலைக்காம்பைத் திருப்பி அடியில் கடுகு கடுகாகக் காய் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மடியில் போடுவாள். தமிழ்ப் பெயரே அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறது, கீழே காய்க்கிற நெல்லி. லத்தீனில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஃபில்லோனோடு பூ என்கிற ஆந்தோஸ் சேர்ந்து இலைப்பூ, அமாரஸ் என்றால் கசப்பு. நாம் கூட்டிலை என்று நினைப்பது உண்மையில் இலைகள் வரிசை கட்டிய ஒரு சின்னக் கிளை, அதனால்தான் இலையிலேயே பூத்த மாதிரி தெரிகிறது. பெருநெல்லியும் இதே ஃபில்லாந்தஸ்தான். ஒன்று தரையோடு கிடக்கிற செடி, இன்னொன்று மரம், இரண்டையும் நெல்லி என்று ஒரே பெயரில் கூப்பிட்டவர்கள் எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்!

எல்லாப் பெயரும் இப்படி அமைவதில்லை. கறிவேப்பிலை என்று இலையையே பெயராக வைத்திருக்கிறோம், லத்தீனில் அது முர்ரயா கோனிகி, முர்ரே, கோனிக் என்ற இரண்டு பேரின் நினைவுக்கு வைத்தது. கோனிக் தரங்கம்பாடியில் வந்து தங்கிச் செடிகளைத் தேடித் திரிந்தவர், அவருக்கு அந்த மரியாதை தகும், ஆனாலும் அந்த வாசனைக்கும் இலைக்கும் பெயரில் ஓர் இடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான். முருங்கையின் மொரிங்கா ஓலிஃபெராவைக் கேட்டதும் அக்கா மகள் "ஓலையா மாமா?" என்றாள். இல்லை, அது எண்ணெய். விதையில் எண்ணெய் உள்ளது என்று பொருள், மொரிங்கா மட்டும் நம்ம முருங்கை.

எலிச்செவிக் கீரையின் ஒரு லத்தீன் பெயரில் ரெனிஃபார்மிஸ் வருகிறது, சிறுநீரக வடிவம். அதற்கு எலியின் காதே மேல், ஒரு தரம் பார்த்தவன் மறக்க மாட்டான்.

காது என்றதும் ஆவாரை ஞாபகம் வந்தது. சென்னா ஆரிகுலேட்டா, ஆரிகுலா என்றால் சின்னக் காது. பூவையே பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் காது எங்கே என்று தெரிந்ததே இல்லை, இலையடியில் தேட வேண்டும் என்று படித்ததோடு சரி. மறுநாள் காலையில் திசையன்விளை ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் ஒரு புதரைத் தேடிப் போனோம். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும், பச்சையாக, வட்டமாக, மடல் விரித்துக்கொண்டு நின்றன. அவள் ஒன்றைக் கிள்ளி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.