ரெண்டாவது ரீடிங்

"லேய், இதுல வெள்ளம் ஏதும் சேந்திருக்கா?"

வெள்ளம்னா எங்க ஊருல தண்ணி. என்கூட காலேஜ்ல படிச்ச பிரெண்டுகிட்ட நான் கேட்டது இவ்வளவுதான். 2018 ஜூலை, சாயங்காலம், எங்க ஃபேக்டரியில ரப்பர் பால் பேரல் இறக்குற நேரம், அவனுக்குப் பின்னால நாலஞ்சு பேரு சிலிப்புக்கு நின்னுட்டு இருந்தாங்க. போன மாசம் நாகர்கோவில்ல எங்க பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி 2001 செட்டு எல்லாரும் கூடுனோம், அதுல இருந்து இந்தக் கேள்வி மறுபடியும் மண்டைக்குள்ள ஓடிட்டே கெடக்கு, அதான் எழுதிரலாம்னு உக்காந்தேன்.

எங்க செட்டுல பிராக்டிக்கல்னா அவன்தான். கடைசி சொட்டு விழும்போது பிளாஸ்க்க ஒரு சுத்து சுத்துவான், அப்பதான் பினாப்தலின் லேசா ரோஸ் காட்டும், எனக்கெல்லாம் ஒரேயடியா சிவந்து போகும். நான் ஒரு ரீடிங் எடுத்துட்டு ரெண்டாவதுக்கும் அதே நம்பர ரெக்கார்டுல எழுதப் பாப்பேன், அவன் விடமாட்டான், "ரெண்டும் ஒத்து வரட்டும் மக்கா, ஒத்த ரீடிங்க நம்பாத"ன்னு பிப்பெட்ட திரும்ப கைல குடுப்பான். எம்.எஸ்சி. சீட்டு கெடச்சும் அப்பாவுக்கு முடியாமப் போயி, குலசேகரம் பக்கத்துல உள்ள ரெண்டு ஏக்கர் ரப்பர பாக்கப் போயிட்டான். நான் மூணு எடம் அலைஞ்சு கடைசில லேட்டக்ஸ் ஃபேக்டரி லேபுல வந்து உக்காந்தேன்.

அன்னைக்கு அவன் பேரல்ல 190 கிலோ பால். வழக்கமா அவன் பாலுக்கு டிஆர்சி, அதாவது நூறு கிலோ பால்ல எத்தன கிலோ ரப்பர்ங்கற கணக்கு, 34, 35 நிக்கும். ஒரு பங்கு பாலுக்கு ரெண்டு பங்கு வெள்ளம் விட்டு கலக்கி, ஜாருல ஊத்தி, நுரைய வழிச்சுட்டு மெட்ரோலாக்க, டிஆர்சி காட்டுற மிதவைக் கருவிய, இறக்குனேன். 29. அஞ்சு பாயிண்ட் கொறஞ்சா ஒம்பதரை கிலோ ரப்பர் போச்சு, அன்னைக்கு விலைக்கு ஆயிரத்துச் சொச்சம். நுரைய முழுசா வழிச்சேனாங்கறது எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, தெனமும் செய்யுத வேலதான, வழிச்சிருப்பேன், ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது.

29ன்னு எழுதிட்டேன். எழுதுனதுக்கு அப்புறம்தான் கேட்டேன். கேட்டுட்டு எழுதியிருந்தா அது விசாரிக்கது. எழுதிட்டு கேட்டேனே, அதுக்கு என்ன பேருன்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியல.

அவன் கோவப்படல. "எழுதியாச்சுல்லா, பின்ன எதுக்கு கேக்க?"ன்னான். சிலிப்ப நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சான், காலி பேரல ஓஸ் பைப்பு வச்சு கழுவுனான், ஆட்டோவுல ஏத்துனான், "வாறேன்"ன்னு சொல்லிட்டுத்தான் போனான். அதுக்கப்புறம் அவன் பேரல் எங்க கேட்டுக்குள்ள வரல.

என் பக்கமும் ஒண்ணு உண்டு. அதுக்கு முந்தின மாசம்தான் ஒருத்தர் பால்ல வெள்ளம் சேத்து கொண்டுவந்து, அது எப்படி லேபத் தாண்டிச்சுன்னு மேனேஜர் எல்லாரும் பாக்க என்னைய சத்தம் போட்டிருந்தாரு. பிரெண்டுன்னு கூட்டிப் போட்டுட்டான்னு ஒரு பேச்சு வந்தா அப்புறம் அந்த நாற்காலியில இருக்க முடியாது. அவன் எடத்துல எங்க அண்ணன் நின்னிருந்தாலும் 29தான் எழுதியிருப்பேன், அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் கிடையாது.

ஆனா அண்ணன்கிட்ட கேட்டிருப்பேனா? மத்த யாருகிட்டயும் நான் கேக்கவே மாட்டேன், கொறஞ்சா கொறஞ்சத எழுதி குடுத்துருவேன், அவ்வளவுதான். அவன்கிட்ட மட்டும் கேட்டது பழகுன உரிமையிலன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். இல்ல. பின்னால நின்ன ஆளுங்க காதுல விழணும்னுதான் கேட்டேன். சத்தமா கேட்டேன்.

டிஆர்சி கொறஞ்சா வெள்ளம் சேத்துட்டான்னு அர்த்தம் இல்லையே. பால்ல எவ்வளவு ரப்பர் இருக்குன்னுதான் மெட்ரோலாக் காட்டும், ஏன் கொறஞ்சுதுன்னு காட்டாது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல நம்ம மாவட்டத்துல ரப்பர் மரம் முறிஞ்சு கெடந்த கெடப்பு எல்லாருக்கும் தெரியும், அவனுக்குப் பாதி மரம் போச்சு. 2011ல கிலோ 200 ரூபாய தாண்டுன ரப்பர் ஷீட்டு 2016 தொடக்கத்துல 100க்கும் கீழ போயி, கொஞ்சம் ஏறி வரும்போது அவன்கிட்ட மரம் இல்ல. மிச்சம் நின்னத ஒண்ணு விட்டொரு நாள் வெட்டாம தெனமும் வெட்டியிருப்பான். மரத்துக்கு ஓய்வு குடுக்காம வெட்டுனா பால் தண்ணியா எறங்கும், இது வெட்டுக்காரங்க வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும், பதினஞ்சு வருசமா பாலயே பாத்துட்டு இருந்த எனக்கு அந்த நேரம் தோணல. இதுவும் என் கணக்குதான், அவன்கிட்ட கேட்டு உறுதிப்படுத்துனது இல்ல. ஒருவேள வெள்ளம் சேத்தே இருந்திருக்கலாம், கடன் நெருக்கும்போது மனுசன் என்ன செய்வான்னு யாரு கண்டா. சேத்திருந்தாலும் அவன அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுன்னுதான் இப்ப படுது.

அந்த 29 சரிதானான்னாவது பாத்திருக்கலாம். பத்து கிராம் எடுத்து ஆசிட் விட்டு உறைய வச்சு, தோசை கணக்கா அமுக்கி, 70 டிகிரி ஓவன்ல காய வச்சா மறுநாள் தராசு சொல்லியிருக்கும். மெட்ரோலாக்கயாவது இன்னொரு தடவ இறக்கியிருக்கலாம், அதுக்கு ரெண்டு நிமிசம் போதும். ஜாருல இருந்த பால அவன் கண்ணு முன்னாலயே வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்.

போன மாசம் கூடுனப்போ துபாய்க்காரன், மகேந்திரகிரியில இருக்கவன், ஸ்கூல் டீச்சருங்க, மெடிக்கல் ரெப்புன்னு எல்லாரும் அவங்கவங்க கதையச் சொன்னாங்க. அவனப் பத்தி ஒருத்தன், "அவன் சும்மாத்தான் தோட்டத்த பாத்துட்டு இருக்கான்"ன்னான். டெய்லி காலைல பார்மிக் ஆசிட்ட அளந்து கலக்கி பால உறைய வைக்கிறவன் சும்மா இருக்கானாம், கம்பெனி மாறி மாறி மார்க்கெட்டிங் பாக்கவன் செட்டில் ஆயிட்டானாம். எங்க செட்டுல படிச்ச படிப்ப கையில வச்சிருக்கவன் அவன் ஒருத்தன்தான்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. நான் சொன்னா அவன் என்ன நெனைப்பானோன்னு இருந்துச்சு.

அவன் எல்லாருக்குமா ஒரு மட்டி வாழைக்குலை கொண்டு வந்திருந்தான். திரும்பும்போது வடசேரி வரைக்கும் என் பைக்குலதான் வந்தான். வழியில, "பால் குடுக்கது விட்டாச்சு மக்கா, இப்போ ஷீட்டாக்கும், மெஷின் வாங்கிப் போட்டாச்சு"ன்னான். நல்லதுன்னேன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி நின்னுட்டு, "உங்க லேபுல இப்பவும் அந்த மெட்ரோலாக்குதானா?"ன்னு கேட்டான்.

ஆமான்னேன். இப்ப எல்லாருக்கும் ரெண்டு தடவ பாக்கேன்னு சொல்லுகதுக்குள்ள குலசேகரம் பஸ்ஸ எடுத்துட்டான், அவன் ஓடிப்போயி ஏறிட்டான்.