கஞ்சியில் ஆசிட்

“சார், அப்பா மேல பாசத்துலயா இந்தப் பையன் கஞ்சியில ஆசிட் கலக்குறான்?”

சிறுவனுக்குக் குரல் கொடுக்க வந்த அம்மா கேட்டார். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பேசும் மைக்கான டாக்பேக்கை அழுத்தி, “பேய்ப் படத்துல லாஜிக் பாக்காதீங்கம்மா, டேக் போயிடலாம்” என்றேன்.

நாங்கள் தமிழில் டப்பிங் செய்துகொண்டிருந்த படம் 1997-இல் வந்த ‘ஜாக் ஃப்ராஸ்ட்’. தியேட்டருக்கே போகாமல் நேராக வீடியோவில் இறங்கிய அமெரிக்கப் படம். (மறு வருடமே இதே பெயரில் மைக்கேல் கீட்டன் நடித்த குடும்பப் படம் வந்தது. கடையில் கேசட் மாறிப்போன வீடுகள் பாவம்.) கைதி வண்டியும் ரசாயன லாரியும் மோத, கொலைகாரன் பனியோடு கலந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிமனிதனாகக் கிளம்புகிறான். பார்த்தாலே நுரைப்பஞ்சு பொம்மை. வாய் சரியாக அசையாது. பார்ப்பவருக்கு அது குறை, வசனம் எழுதுகிற எனக்கோ கொண்டாட்டம். எதை எழுதினாலும் உதட்டில் உட்காரும்.

மனிதர்கள் பேசும்போதுதான் சிக்கல். பனிமனிதனை அழிப்பது ஆன்டிஃப்ரீஸ். அப்பாவுக்குக் குளிரக் கூடாது என்று ஷெரீஃபின் மகன் ஓட்ஸ் கஞ்சியில் அதைக் கலந்து வைக்கிறான். அந்தக் கஞ்சி மேலே பட்டதும் பனிமனிதன் அலறுகிறான். நம் ஊரில் ஆன்டிஃப்ரீஸுக்குக் கூலண்ட் என்று பெயர். இன்ஜின் கொதிக்காமல் இருக்க ஊற்றுவது. கூலண்ட்டால் பனியை அழிப்போம் என்றால் சிரிப்பார்கள். ‘உறையாமல் தடுக்கும் திரவம்’ என்று போட்டால், நடிகர் வாயை மூடிய பிறகும் வசனம் ஓடிக்கொண்டிருக்கும். ‘ஆசிட்’ கச்சிதமாக உட்கார்ந்தது. வாய் திறக்கும் ‘ஆ’ கூடப் பொருந்தியது.

யோசித்துப் பார்த்தால், அந்தப் படத்தில் ஓரளவாவது லாஜிக் இருந்த இடம் அதுதான். தண்ணீரை உறைய விடாத திரவம் பனியைக் கரைப்பது நியாயம். குளிரைத் தடுக்கும் என்று ஒரு குழந்தை நம்புவதும் நியாயம். மற்ற ஓட்டைகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, சரியாக இருந்த அந்த இடத்தில் போய்க் கை வைத்திருக்கிறேன்.

‘குளிர் மருந்து’ என்று எழுதியிருக்கலாம். நாலு மாசம் கழித்து, பஸ்ஸில் போகும்போது தோன்றியது. அப்புறம் அதிலும் சந்தேகம். ஆன்டிஃப்ரீஸில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் குடிக்க இனிப்பாக இருக்கும், ஆளையும் கொல்லும். அதை மருந்து என்று சொல்லி, பார்க்கிற பிள்ளை ஒன்று வண்டி ஷெட்டில் இருக்கும் கேனைத் திறந்தால்? ஆசிட் என்றாலாவது கிட்டே போகாது. இப்படியும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எழுதிய அன்று எந்தப் பிள்ளையும் என் நினைப்பில் இல்லை, ஸ்டூடியோ வாடகைதான் இருந்தது.

அந்த அம்மா மறுபடி கேட்கவில்லை. தலையை ஆட்டி, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, “அப்பாவுக்குக் குளிரக் கூடாதுன்னுதான் ஆசிட் ஊத்தினேன்” என்றார். குரலில் அவ்வளவு பாசம். முதல் டேக்கே ஓகே.