‘நோ சிடி’ என்று சொல்லிக்கொண்டிருந்த பொத்தான்

என் காரின் ஸ்டீரியோவில் ‘சிடி’ என்று எழுதிய பொத்தான் ஒன்று உண்டு. சிடி போடும் வாய்தான் கிடையாது. இருப்பது கேசட் வாய். பொத்தானை அழுத்தினால் பச்சை எழுத்தில் ‘நோ சிடி’ என்று வரும். இரண்டு நொடியில் தானாகவே ரேடியோவுக்குத் திரும்பிவிடும். 1990-களின் கடைசியில் வந்த வண்டிகள் பலவற்றில் இதே கதைதான். சேஞ்சர், அதாவது டிக்கியில் உட்கார்ந்து பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் பெட்டி, அப்போது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம். முதல் சொந்தக்காரர் வாங்கவில்லை, இரண்டாமவரும் வாங்கவில்லை. மூன்றாவதாக வந்த நான் ஒவ்வொரு சிக்னலிலும் அந்தப் பொத்தானை அழுத்தி ‘நோ சிடி’ வாங்கிக்கொண்டிருந்தேன்.

புது ஸ்டீரியோ மாட்டிவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும், தெரியும். ஆனால் பழைய டேஷ்போர்டில் நீலமும் சிவப்புமாக மின்னும் ஒரு பெட்டி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. கேசட் அடாப்டரில் கேட்டால் பின்னால் ஒரு ‘கரகர’. எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு நிலையம் குறுக்கே வந்து பேசும். வீட்டில் அலமாரி நிறைய சிடி வேறு கிடக்கிறது. சேஞ்சர்தான் என்று முடிவு செய்தேன்.

முதல் சேஞ்சரில் ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானேதான் ஏமாந்தேன். ஸ்டீரியோவை உருவிப் பின்பக்கம் பார்த்தால் வயர்களைச் செருகும் கட்டைகள் கலர் கலராகச் சின்னச் சின்னதாக இருந்தன. இதற்கு ஐஎஸ்ஓ 10487 என்றொரு தரநிலை இருக்கிறது. அதில் ‘சி’ என்ற பகுதி மூன்று துண்டு: மஞ்சள், பச்சை, நீலம். நீலத் துண்டுதான் சேஞ்சருக்கு. அதில் 13-இலிருந்து 20 வரை எண் போட்ட எட்டுப் பின் (உலோக ஊசி). பழைய சாமான் கடையில் நீலக் கட்டை வைத்த கேபிளோடு ஆறு டிஸ்க் சேஞ்சர் ஒன்று கிடைத்தது. கட்டை ‘டக்’கென்று பொருந்தியது. பொத்தானை அழுத்தினேன். ‘நோ சிடி’.

ஃப்யூஸ் பார்த்தேன், மல்டிமீட்டரில் 12 வோல்ட் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. சேஞ்சரிலிருந்து முன்னால் வருவது பாட்டு மட்டும் இல்லை. இடது, வலது என்று பாட்டுக்கு இரண்டு வயர், அதற்கு ஒரு எர்த்; 18, 19, 20 பின்களின் வேலை அவ்வளவுதான். மற்ற பின்களில் கரண்டும் டேட்டாவும் போகின்றன. பொத்தானை அழுத்தியதும் ஸ்டீரியோ டேட்டா வயரில் “இருக்கிறாயா?” என்று கேட்கும். அந்தப் பக்கம் “இருக்கிறேன், இந்த டிஸ்க், இந்தப் பாட்டு” என்று ஒழுங்கான பதில் வந்தால்தான் பாட்டு வரும் வழியையே திறக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்தப் பேச்சு வேறு. சில சமயம் ஒரே கம்பெனிக்குள்ளேயே வருஷத்துக்கு வருஷம் வேறு. என் சேஞ்சர் பாவம், தனக்குத் தெரிந்த பாஷையில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அதனால் கட்டை பொருந்துகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். ஸ்டீரியோவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்ட் நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு எந்தச் சேஞ்சர் என்று தேடி, சேஞ்சரின் பார்ட் நம்பரையும் கடைசி எழுத்து வரை ஒத்துப்பார்த்து வாங்குங்கள். இரண்டாவது தடவை அப்படித்தான் வாங்கினேன். டிஸ்க் வைக்கும் மேகசினும் கூடவே வருகிறதா என்று மறக்காமல் கேளுங்கள். சேஞ்சர் கிடைத்துவிடும், மேகசின் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

ஸ்டீரியோவைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. முகப்பின் இரண்டு ஓரத்திலும் உள்ள துளைகளில் அதற்கென்றே இருக்கும் சாவிகளைச் செருகி இழுத்தால் வந்துவிடும். கோட் நம்பர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினால் அந்தக் காலத்து ஸ்டீரியோக்கள் பல ‘சேஃப்’ என்று காட்டி, நாலு இலக்க நம்பர் கேட்கும். எனக்கு அந்த நம்பர் தெரியும் என்று நினைத்திருந்தேன். 7 என்று நான் படித்தது உண்மையில் 1. என் ஸ்டீரியோவில் இரண்டு தடவை தப்பாகப் போட்டால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரமும் அதை ஆன் செய்தே வைத்திருக்க வேண்டும், அணைத்தால் கணக்கு முதலிலிருந்து. கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

டேஷ்போர்டிலிருந்து டிக்கி வரைக்கும் கேபிளைக் கொண்டுபோக ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. கதவுப்படியின் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கம்பளத்துக்கு அடியில் விட்டு, பின் சீட்டுக்குக் கீழே நுழைத்து டிக்கிக்குள் எடுத்தேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கட்டை ஏதாவது கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. வண்டியின் பெரிய கரண்ட் வயர்கள் ஒரு பக்கம் போனால் சேஞ்சர் கேபிளை மறுபக்கம் விடுவது உத்தமம். அந்தப் பிளாஸ்டிக் பட்டையின் கிளிப்புகளில் இரண்டு உடைந்தன. உடையாமல் கழற்றிய மனிதர் யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயார்.

மாட்டி முடித்து அழுத்தினேன். ‘சிடி 1, ட்ராக் 1’ என்று வந்தது. டிக்கியிலிருந்து ‘கிர்ர்ர்… டொக்’ என்று ஒரு சத்தம். பாட்டும் வந்தது. தெருவைத் தாண்டுவதற்குள் குதித்து நின்றது. சின்னப் பள்ளம் என்றாலும் ஒரு குதி.

இதற்குக் காரணம் இரண்டு, இரண்டுமே என் அவசரம். சேஞ்சருக்குள் லேசர் இருக்கும் பகுதி ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஆடினாலும் அது ஆடக்கூடாது என்பதற்காக. கொண்டுபோகும்போது அடிபடாமல் இருக்க அதை வெளியிலிருந்து போக்குவரத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். என்னுடையதில் அதை யாரோ பத்திரமாகத் திரும்பப் போட்டு வைத்திருந்தார்கள், நான் கழற்றவில்லை. இன்னொன்று, பெட்டியின் இரு பக்கமும் சின்னத் திருகு ஒன்று உண்டு. படுக்கவைத்தால் ‘எச்’, நிறுத்திவைத்தால் ‘வி’, சாய்த்து வைத்தால் நடுவில். ஸ்பிரிங் எந்தப் பக்கம் எடையைத் தாங்க வேண்டும் என்று சொல்வது அதுதான். டிக்கி ஓரத்தில் நான் நிறுத்தி மாட்டியிருந்தேன், திருகு ‘எச்’சில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே எழுத்துக்குத் திருப்ப வேண்டும், ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் கோணிக்கொள்ளும். ஸ்க்ரூவைக் கழற்றிய ஓட்டையில் தூசி போகாமல் டேப் ஒட்டினேன். குதிப்பது நின்றது.

அடுத்து ‘ஙொய்ய்ய்’ என்றொரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். இதற்கு மேல் என்னால் ஆகாது என்று தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை அவர்.

“எர்த் எங்க குடுத்தீங்க தம்பி?”

“டிக்கியில ஒரு போல்ட்டுலண்ணே.”

“ஸ்டீரியோவுக்கு?”

“அது முன்னாடி, டேஷுக்குள்ள.”

“அப்போ அது ஒரு எர்த், இது ஒரு எர்த். நடுவுல ஆல்டர்னேட்டர் பாடுது. ரெண்டையும் ஒரே இடத்துல குடுங்க.”

ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி. இரண்டு எர்த்துக்கும் நடுவே மில்லிவோல்ட் கணக்கில் வித்தியாசம் இருந்தாலும் போதும், அது பாட்டு வயரில் ஏறி ஸ்பீக்கரில் கேட்கும். சேஞ்சரின் எர்த்தை முன்னால் ஸ்டீரியோவின் எர்த் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனோம். சேஞ்சர் பெட்டி டிக்கித் தகரத்தைத் தொடாமல் இருக்க பிராக்கெட்டுக்கு ரப்பர் வாஷர் போட்டார். சத்தம் போயேபோச்சு. காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிஸ்க் விஷயத்தில் இது கொஞ்சம் வீம்பு பிடித்த ஜாதி. கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடி பிரச்சினை இல்லாமல் ஓடும். வீட்டில் எழுதிய சிடி-ஆர் என்றால், குறைந்த வேகத்தில் எழுதியவை என்னுடையதில் ஓடுகின்றன, வேகமாக எழுதியவற்றில் சில மக்கர் செய்கின்றன. அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவை அது சீந்தவே இல்லை. ஒரிஜினல் டிஸ்க் லேசர் ஒளியில் 70 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 15-இலிருந்து 25 சதவீதம். பழைய லேசர் கண்ணுக்கு அது போதாது. எம்பி3 எழுதிய சிடியும் ஆகாது. ஒரு டிஸ்க்குக்கு 74 அல்லது 80 நிமிடம், அவ்வளவே. காகித லேபிள் ஒட்டிய டிஸ்க்கை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். வெயிலில் நின்ற டிக்கியில் லேபிள் சுருண்டு, டிஸ்க் மேகசினுக்குத் திரும்பாமல் பாதியில் சிக்கிக்கொண்டது. சேஞ்சரின் மேல்மூடியைக் கழற்றித்தான் அதை எடுத்தேன். கழற்றியது கழற்றியாயிற்று என்று ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் லென்ஸையும் லேசாகத் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது.

அந்தச் சம்பவத்தில் மேகசினின் மூன்றாவது தட்டு லேசாக வளைந்துவிட்டது. அதில் டிஸ்க் வைத்தால் நான்காவதையும் சேர்த்து இழுக்கிறது, அதனால் காலியாகவே விட்டிருக்கிறேன். இரண்டாவது டிஸ்க் முடிந்ததும் அந்தக் காலித் தட்டுக்குப் போய் ‘கிர்ர்ர்… டொக்’ என்று தேடிப்பார்த்து, ‘நோ சிடி’ என்று எழுதிவிட்டு, நான்காவதுக்குத் தாவுகிறது.